கு.க. ஆச்சா?

2010 ஆகஸ்ட் மாதம். அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டு. மகன் பிறந்து முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை. கேஸ் ஷீட் கட்டோடு வந்த நர்ஸ் என் கட்டிலருகே நின்று, எனக்கு மேலாக என் மாமியாரைப் பார்த்துக் கேட்டார்.

"மூத்தது பொண்ணு, இது பையன். கு.க. பண்ணிடலாமாம்மா?"

"பண்ணிருங்க. வேற என்ன வேணும் எங்களுக்கு" என்றார் அத்தை.

பேச்சு முடிந்தது. நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். "எனக்கு இப்ப வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்" என்றதும், கட்டில் வாய் திறந்து பேசிவிட்ட மாதிரி இருவரும் திரும்பினார்கள். "அப்புறம் அப்புறம்னு சொல்லிட்டுப் போயி மூணாவதோட வந்து நிப்ப" என்றார் நர்ஸ். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கூடியதால் அவனை விளக்கொளியில் வைக்கக் கொண்டுபோனார்கள். அந்தப் பரபரப்பில் என் கு.க. பேச்சு அமுங்கிப்போனது. இல்லாவிட்டால் மூன்றாம் நாள் என்னை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். நானும் போயிருப்பேன்.

பக்கத்தில் ஆறாம் நம்பர் கட்டில். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், இரண்டாவதும் பெண் குழந்தை. நர்ஸ் கேட்பதற்கு முன்பே அவளாகச் சொன்னாள்: "எனக்குப் பண்ணிவிட்ருங்கக்கா." அவளுடைய மாமியார் ஒயர்கூடையில் ஃப்ளாஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "அவ வலியில எதையாச்சும் சொல்லுவா. என் மகன் வரட்டும்." நர்ஸ் கேஸ் ஷீட்டில் எதையோ குறித்துவிட்டு ஏழாம் நம்பருக்குப் போய்விட்டார். வேண்டாம் என்ற என்னைச் செய்துகொள்ளச் சொன்ன வார்டு, வேண்டும் என்ற அவளைக் காத்திருக்கச் சொன்னது. மகன் அன்று சாயங்காலம் வந்தான், குழந்தையைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் வெளியே போனான். அவளுக்குக் கு.க. ஆகவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. குடும்பக் கட்டுப்பாடு என்பதன் சுருக்கம்தான் கு.க. சுவரில் சிவப்பு முக்கோணத்தோடு எழுதப்பட்டிருந்த காலத்தில் அதற்குள் மாத்திரை, ஆணுறை, கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி எல்லாமே அடக்கம். இன்று எங்கள் பக்கம் 'கு.க. ஆச்சா?' என்று கேட்டால் ஒரே அர்த்தம், பெண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டதா என்பதுதான். இத்தனை வழிகள் இருக்கும் ஒரு விஷயத்தின் பெயர் ஒரே ஒரு வழிக்குச் சுருங்கிவிட்டது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆபரேஷன் செய்துகொண்ட கணக்கு 0.1 சதவீதம். அதாவது ஆயிரத்துக்கு ஒன்று. அந்த ஒன்றைப் பற்றித்தான் பின்னால் சொல்லப்போகிறேன்.

வளரும் நாடுகளில் பெண்கள் கருத்தடையை ஏன் பயன்படுத்துவதில்லை என்று ஆராய்ச்சிக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மாமியார் தடுக்கிறார், கணவன் தடுக்கிறான், மதம் தடுக்கிறது. எல்லாம் உண்மைதான், ஆறாம் நம்பர் கட்டிலில் நானே பார்த்தேன். ஆனால் அதே சமூகம் பெண்ணைப் பிடித்துத் தள்ளவும் செய்யும் என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் சிறுத்துவிட்டன என்று பெருமையாகச் சொல்கிறோம். நானும் சொல்வேன். ஆனால் இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் ஊரே ஒரே மேசையில் போய்ப் படுத்து எழுந்து வருகிறது என்றால், அது ஒவ்வொருத்தியும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவாக இருக்க முடியாது. வழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும், காதுகுத்து மாதிரி.

அத்தையை வில்லியாக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவர் ஏழு பெற்றவர். "ஏழு பெத்தேன், மூணு நின்னுச்சு" என்பார், ஆட்டுக்குட்டிக் கணக்குப்போல. நர்ஸம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவருடைய மாமியார் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவாராம். கடைசிப் பையன் 1988இல் பிறந்த பிறகு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கேம்ப் போட்டார்கள். மூன்றாம் வகுப்பு பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, வரிசையாக ஆபரேஷன். முடிந்தவர்களைப் புளியமரத்தடியில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். அத்தைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி கிடைத்தது. கைப்பிடி போய்விட்டாலும் அந்த வாளி இன்னும் மாட்டுக்கொட்டகையில் தவிட்டுக்கு இருக்கிறது. அவருக்கு அந்த ஆபரேஷன் விடுதலை. 'அன்னைக்கு ராத்திரிதான் பயமில்லாமத் தூங்குனேன்' என்று ஒருமுறை சொன்னார். அந்தத் தூக்கத்தை எனக்கும் கொடுக்கத்தான் நர்ஸிடம் 'பண்ணிருங்க' என்றார்.

அதற்கும் முந்தின தலைமுறை வெறும் பெயரை நம்பியிருந்தது. மதுரை, உசிலம்பட்டிப் பக்கம் 'போதும்பொண்ணு' என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைக்குட்டியாக இருக்கட்டும் என்று 'மங்களம்', 'சம்பூர்ணம்' என்று பெயர் வைத்தவர்களும் உண்டு. மங்களத்துக்குப் பிறகு இரண்டு பிறந்த வீடுகளும் உண்டு.

1930 வாக்கிலேயே பெரியார் குடிஅரசில் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதினார். மற்றவர்கள் தாயின் உடல்நலம், நாட்டின் வறுமை, குடும்பச் சொத்து என்று காரணம் சொன்னபோது, பெண் சுயேச்சை அடைவதற்கு அது வேண்டும் என்பதே தன் காரணம் என்றார். பின்னால் திட்டத்தை நடத்திய அரசுகளோ நாட்டின் வறுமை என்ற காரணத்தைத்தான் எடுத்துக்கொண்டன. 1952இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை தேசியத் திட்டமாக்கியது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு. 1950களின் பிற்பாதியில் சென்னை மாநில அரசு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு 30 ரூபாய் கொடுத்தது. அப்போது முக்கியமாக ஆண்களைத்தான் நம்பினார்கள். எர்ணாகுளத்தில் 1971 ஜூலையில் நடந்த ஒரு கேம்பில் மட்டும் 60 ஆயிரத்துக்கு மேல் ஆண்கள் வாசக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன், செய்துகொண்டார்கள். திருவிழா மாதிரி நடத்தினார்களாம். அப்புறம் எமர்ஜென்சி. 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் ஆபரேஷன், அதில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்கள். பயமுறுத்தி, சம்பளத்தை நிறுத்தி, லாரியில் ஏற்றி. 1977 தேர்தலில் வட இந்தியா அதற்குப் பதில் சொன்னது. அதற்குப் பிறகு எந்த அரசியல்வாதியும் ஆண்களின் பக்கமே திரும்பவில்லை. ஆண்டுக்கு இத்தனை ஆபரேஷன் என்ற இலக்கு மட்டும் அப்படியே இருந்தது, அதை நிரப்பப் பெண்கள் கிடைத்தார்கள்.

என் சித்தப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். அந்தக் காலத்தில் வாத்தியாருக்கும் கேஸ் பிடிக்கும் வேலை, அதாவது ஆபரேஷனுக்கு ஆள் சேர்த்துக்கொடுக்கும் வேலை உண்டு. 'இந்த வருஷம் ரெண்டு கேஸ் குறையுது' என்று மார்ச் மாதம் அவர் வீட்டில் ஒரே புலம்பலாக இருக்கும் என்று சித்தி சொல்வார். எண்ணிக்கை குறைந்த வருஷம் சித்தியே ஒரு கேஸ் ஆனார். இதைச் சித்தி சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குத்தான் சிரிப்பு வராது. 1996இல் இந்தியா முழுக்க இலக்கு முறையைக் கைவிட்டதாக அறிவித்தார்கள். காகிதத்திலிருந்து போனது, வழக்கத்திலிருந்து போகவில்லை. 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அதில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, இப்படிப்பட்ட கேம்புகளை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சரி, வேறு வழிகளே இல்லையா? இருந்தன. மூத்தவள் பிறந்து ஆறு மாதத்தில், 2007இல், நான் காப்பர்-டி போட்டுக்கொண்டேன். போட்டுவிட்ட நர்ஸ், "ஒண்ணும் பண்ணாது, பத்து வருஷத்துக்குக் கவலையில்ல" என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் ரத்தப்போக்கு இரட்டிப்பானது, கூடவே இழுத்துப் பிடிக்கும் வலி. காப்பர்-டி போட்ட முதல் சில மாதங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும், பிறகு மட்டுப்படும் என்பதை நான் வெகுகாலம் கழித்துப் படித்தேன். அப்போது எனக்கு அதைச் சொன்னவர் யாருமில்லை. ஆனால் வேறு நிறையச் சொன்னார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒரு மதினி, அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்றார். எதிர்வீட்டு அக்கா, செம்பு உள்ளே களிம்பு பிடிக்கும் என்றார். புளி போட்டுத் துலக்காத செம்புக் குடம் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார். வெங்காயம் உரித்துக்கொண்டே இன்னொருத்தி, வீட்டுக்காரரைக் குத்தும் என்று சொல்லிவிட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தாள்.

இதையெல்லாம் 'வதந்தி' என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒன்றும் செய்யாது என்றார் நர்ஸ், செய்தது. ஏதாவது செய்யும் என்றார் மதினி, செய்தது. யாரை நம்புவேன்? ரத்தம் கூடும், மூன்று மாதம் பொறுத்துப் பார், பிடிக்காவிட்டால் வா, எடுத்துவிடுகிறேன் என்று நர்ஸ் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் நெஞ்சுக்கு ஏறும் கதை என்னிடம் எடுபட்டிருக்காது. இரண்டு வருஷம் பல்லைக் கடித்துவிட்டு எடுத்துவிட்டேன். ஏழெட்டு மாதத்தில் மகன் வயிற்றில் தங்கினான்.

தாய்லாந்தின் வடகிழக்கில் நாங் ரோங் என்று ஒரு மாவட்டம். 1980களில் அங்கே ஆராய்ந்தவர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்தார்கள். ஒரு கிராமத்தில் பெண்கள் பெரும்பாலும் மாத்திரை, இன்னொரு கிராமத்தில் ஊசி, மற்றொன்றில் கருப்பைச் சாதனம். பல வழிகள் கிடைத்தும் இப்படி. முதலில் யாரோ ஒருத்தி ஒன்றைப் போட்டுக்கொண்டு நன்றாக இருந்திருக்கிறாள், அவளைப் பார்த்து அடுத்தவள். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நீலக்கலர் கேட் போட்டால் மறுவருஷம் ஆறு வீட்டில் நீலக் கேட்.

அடுத்தவளைப் பார்க்கவே வழியில்லாத இடமும் இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 2018இல் 18 முதல் 30 வயது வரையுள்ள மணமான பெண்களிடம் கேட்டிருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்கு, வீட்டுக்கு வெளியே மனம்விட்டுப் பேச அந்த மாவட்டத்தில் ஒருவர்கூட இல்லை. தனியாக ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதி உள்ளவர்கள் வெறும் 14 சதவீதம். மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கும் மருமகளுக்குத் தோழிகள் இன்னும் குறைவு, கருத்தடையும் குறைவு. இங்கே எங்களுக்கு ரேஷன் கடை இருக்கிறது, நூறு நாள் வேலை இருக்கிறது, குழாயடி இருக்கிறது. மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வேப்பமர நிழலில் உட்காரும் அந்த அரைமணி நேரத்தில் யாருக்கு எத்தனை நாள் தள்ளியிருக்கிறது என்பது உட்பட எல்லாம் வெளியே வரும். காப்பர்-டியைக் கெடுத்ததும் அந்த வாய்கள்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஜான்பூர்ப் பெண்ணின் நிலைக்கு நான் மாறமாட்டேன்.

மகன் பிறந்த பிறகு இரண்டு வருஷம் ஆணுறையில் ஓடியது. மருந்துக் கடையில் அதைக் கேட்கும்போது கடைக்காரர் முகத்தையே பார்க்காமல் தினத்தாள் துண்டில் சுற்றி, அதன்மேல் கறுப்புப் பையும் போட்டுக் கொடுப்பார். தெருவில் அந்தக் கறுப்புப் பையைப் பார்த்தாலே உள்ளே என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டிருந்தால் பையே வந்திருக்காது. 2005இலேயே மருந்துச் சீட்டில்லாமல் விற்கலாம் என்று மத்திய அரசு சொல்லிவிட்டாலும், தமிழ்நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் 'ஸ்டாக் இல்லை' என்ற பதில்தான்.

2012 நவம்பர். ஆண்டுதோறும் அந்த மாதக் கடைசியில் வாசக்டமி இருவாரம் என்று ஒன்று நடத்துவார்கள். போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து நான்தான் பேச்சை எடுத்தேன். கத்தி வைப்பதில்லை, தையல் இல்லை, பத்து நிமிஷம், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். என் வீட்டுக்காரர் உடனே மறுக்கவில்லை, 'யோசிக்கிறேன்' என்றார். அவருக்கு லேத் பட்டறையில் வேலை. அங்கே பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். இடுப்பில் பலம் போய்விடும், இரும்பு தூக்க முடியாது, 'அந்த' விஷயமும் போய்விடும் என்று ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். செய்துகொண்டவர் ஒருவர்கூட அங்கே இல்லை. அல்லது இருந்து, வாயைத் திறக்கவில்லை. வயிற்றுத் தழும்பைக் காட்டி 'இந்தா, எனக்கு ஆச்சு, நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்ல எனக்கு எங்கள் தெருவிலேயே முப்பது பெண்கள் இருந்தார்கள். அவருக்கு ஒரு ஆள் இல்லை. ஆண்கள் சுயநலக்காரர்கள் என்பது பாதி உண்மை. அந்தத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலேயே, கருத்தடை பெண்களின் சமாச்சாரம் என்று நாடு முழுக்க ஆண்களில் 35 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். மீதி 65 பேரில் ஒருவர்கூட ஏன் பட்டறையில் வாய் திறக்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியாதது.

வீட்டில் அத்தை காதில் லேசாகப் போட்டுப் பார்த்தேன். கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டார். "வெயிட்டு தூக்குற புள்ளையப் போயி கத்தியில போடச் சொல்றியா? உனக்கு என்ன, வீட்லதான இருக்க." வீட்டில்தான் இருந்தேன். தினம் பத்துக் குடம் தண்ணீர் தூக்கிக்கொண்டு.

என்னதான் நினைத்தாரோ, ஒரு புதன்கிழமை அவரே, "கிளம்பு, போய்ட்டு வந்துரலாம்" என்றார். அத்தையிடம் என்ன சொல்வது? பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு இருவரும் முடிவெடுத்தோம். ஆபரேஷன் எனக்கு என்று சொல்லிவிடலாம். லேப்ராஸ்கோப்பி, சின்ன ஓட்டை, தழும்பு தெரியாது. அத்தைக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

சாயங்காலம் திரும்பினோம். எனக்குக் கட்டில், போர்வை, பூண்டு ரசம். அடுத்த நாள் நாட்டுக்கோழிச் சாறு. ஆபரேஷன் ஆனவர் திண்ணையில் உட்கார முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை சிலிண்டர் வந்தது. "ஏப்பா, அவ எந்திரிக்கக் கூடாது, நீ தூக்கி உள்ள வையி" என்று அத்தையின் குரல். நான் போர்வையை உதறிவிட்டு ஓடினேன். "பச்ச உடம்போட எங்கடி போற" என்று அத்தை பதறினார். கடைசியில் சிலிண்டர் போட வந்த பையனுக்கு இருபது ரூபாய் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னோம். தண்டச் செலவு என்று ஒரு வாரம் திட்டு விழுந்தது. அரசாங்கம் கொடுத்த பணத்திலும் ஒரு சிக்கல். ஆணுக்கு 1,100 ரூபாய், பெண்ணுக்கு 600. அறுநூறை அத்தை கையில் கொடுத்துவிட்டு ஐந்நூறை அரிசி டின்னில் ஒளித்துவைத்தேன்.

உடனே பலன் தராது, மூன்று மாதம் ஆணுறை வேண்டும், பிறகு ஒரு விந்துப் பரிசோதனை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பரிசோதனைக்குப் போன அன்று இவர் பட்டறையில் பல் பிடுங்குவதாகச் சொல்லிவிட்டு வந்தார். போனவர் போனபடியே இருக்கிறார், இரும்பும் தூக்குகிறார், மற்றதும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜாம்பியாவின் லுசாகாவில் ஒரு சோதனை நடத்தினார்கள். கருத்தடை ஊசி முதலானவை காத்திருக்காமல் கிடைப்பதற்கான சீட்டைச் சில பெண்களிடம் தனியாகக் கொடுத்தார்கள், சிலரிடம் கணவனையும் வைத்துக்கொண்டு கொடுத்தார்கள். தனியாக வாங்கியவர்கள்தான் அதிகம் பேர் பயன்படுத்தினார்கள். ஆனால் அதே பெண்களிடம் பின்னால் கேட்டபோது மனநிறைவு குறைந்திருந்ததாம். மறைத்து வைப்பதற்கும் ஒரு விலை உண்டு போல. எங்கள் வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்தே மறைத்ததால் அந்த பாரம் பாதியாகப் பிரிந்துவிட்டது. நாளாக ஆக மறந்தும்போனது.

போன வருஷம் கொழுந்தன் மனைவிக்கு இரண்டாவது பிரசவம். மறுபடி அதே வார்டு, சுவருக்கு வேறு நிறம். நர்ஸ் வந்தார். இந்தமுறை அவளிடமே கேட்டார், அது ஒரு முன்னேற்றம். அவள் தயங்கினாள். அவள் பதில் சொல்வதற்குள் அத்தை என்னைக் கைகாட்டினார்.

"இதுல பயப்பட என்ன இருக்கு? இந்தா நிக்கிறாள்ல உங்க அக்கா, பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே பண்ணிக்கிட்டா. ஒரு தலவலின்னு படுத்திருப்பாளா?"

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். நர்ஸும் பார்த்தார். "நல்லாருக்கீங்கள்ல அக்கா?" என்றாள். நான் நன்றாக இருக்கிறேன் என்று தலையாட்டினேன். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தத் தலையாட்டலை அவள் எதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். தெருவின் முப்பது பெண்களோடு என்னையும் சேர்த்து முப்பத்தொன்று.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் அத்தை இட்லி வாங்கக் கேன்டீனுக்குப் போன நேரம் பார்த்து அவளிடம் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் தையல் இழுக்க இழுக்கச் சிரித்தாள். "மாமாவா? நம்ம மாமாவா?" என்று நாலு தடவை கேட்டாள். அப்புறம், "சிலிண்டரு?" என்றாள். சிலிண்டர் கதையைச் சொன்னேன். நர்ஸிடம் 'இப்ப வேண்டாம்' என்று சொல்லிவிட்டாள். அத்தைக்குக் கோபம், இரண்டு நாள் என்னிடம் மட்டும் பேசினார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். உள்ளேகூட வரவில்லை, வாசலிலிருந்தே "அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டு வருவமா" என்றான். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். டீக்கடை தெருமுனையில்தான். இருவரும் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது.